கோட்டையும் பேட்டையும்: கொழும்பு நகர நடுவத்துக் கட்டடங்கள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

கொழும்பு மாநகரின் நடுவத்திலே பார்க்கத்தக்க கட்டடங்கள் எவை என்ற வினாவுக்கு விடை கூறும் கைநூல்கள் பல உள. துறைமுகத்திற் கப்பல்விட்டு இறங்கிய பயணியை மனங்கொண்டு எழுதப்பட்ட அவ்வகை நூல்களின் மரபு இன்றும் பெரிதும் மாறவில்லை. கட்டடத்தின் பெயர், எழுந்த ஆண்டு, அக்காலத்துத் தேசாதிபதி, வரைபடம் அமைத்த கலைஞர், தூண்களின் பாணி ஆகியன கூறப்பட்டதும் வாசகர் அடுத்த கட்டடத்துக்கு அழைத்துச் செல்லப்படுவார். இவ்விபரங்கள் பொய்யானவையல்ல. ஆயின் இவை எவ்வினாக்களை எழவிடாது தடுக்கின்றன என்பதே நமது அக்கறைக்குரியது. ஏறக்குறைய நாற்பதாண்டு காலத்துள் ஒரு சிறு நிலப்பரப்பிலே இத்தனை பெருங் கட்டடங்கள் எழுந்தமைக்குக் காரணம் யாது? அவற்றை எழுப்பிய பணம் எவரது உழைப்பிலிருந்து திரண்டது? எழுந்தபின் அவற்றினுள் நுழைந்தோர் யாவர், வாயிலில் நிறுத்தப்பட்டோர் யாவர்?

இவ்விடயத்தில் நமது தமிழ் ஆய்வுலகமும் பெருமைப்படத்தக்க வகையில் நடந்துகொண்டதெனக் கூறுவதற்கில்லை. ஈழத்துத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோயில்களையும் கல்வெட்டுக்களையும் கிராமத்து வழக்காறுகளையும் நாடினர்; கொழும்பு அவர்களுக்குப் பிறர் நகரமாகவே தோன்றிற்று. முற்போக்கு அணியைச் சார்ந்த நம்மவரோ, கோட்டைப் பகுதிக் கட்டடங்களை ஏகாதிபத்தியத்தின் சின்னங்கள் என்ற ஒரே தொடரால் மூடிவிட்டு அப்பாற் சென்றனர். முன்னையோர் நகரத்தைக் கைவிட்டனர்; பின்னையோர் அதனைப் படியாமலே தீர்ப்பு வழங்கினர். இரண்டாவது தவறினை நாமும் செய்துள்ளோம் என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

நாம் முதன்முதலாகக் கோட்டை வீதிகளில் நடந்தது 2009ஆம் ஆண்டுக்கு முன்னராகும். அக்காலத்தில் அவ்வீதிகளுட் பல சோதனைச் சாவடிகளால் அடைபட்டிருந்தன. சாவடிதோறும் அடையாள அட்டையை நீட்டி, அதிலுள்ள பெயர் வாசிக்கப்படும்வரை காத்திருந்து, போகுமிடத்தையும் காரணத்தையும் கூறியபின்னரே ஒரு கட்டடத்தின் முகப்பினை அண்ணாந்து பார்க்க முடிந்தது. நின்று பார்ப்பதே ஐயத்துக்குரிய செயலாயிருந்தது. எனவே இக்கட்டடங்களைப் பார்த்தல் என்பது நம்மைப் போன்றோருக்கு வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை.

பெயர்களிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலத்தில் 'பெட்டா' எனப்படுவது தமிழிலுள்ள 'பேட்டை' என்னும் சொல்லே. கோட்டைக்கு வெளியேயமைந்த குடியிருப்பைத் தென்னிந்தியாவில் அவ்வாறு சுட்டக் கற்ற ஆங்கிலேயர், கொழும்பிலும் அதனை வழங்கினர். தமிழில் அது புறக்கோட்டை, சிங்களத்தில் பிட்டகொட்டுவ. மூன்று மொழிகளிலும் அப்பகுதிக்கெனத் தனித்ததொரு பெயரில்லை. மதிலுக்கு வெளியே கிடப்பது என்பதே அதன் வரைவிலக்கணமாகும். போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டிற் கட்டத் தொடங்கி, 1656இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1796இல் ஆங்கிலேயரிடம் சென்ற அக்கோட்டையின் மதில்கள் 1869ஆம் ஆண்டளவில் இடிக்கப்படலாயின. அதே 1869இற்றான் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கோப்பிச் செடியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாக அவதானிக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயாம். இம்மூன்று நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று விளைவித்தவையல்ல. ஆயினும் இவற்றை ஒருங்குவைத்து நோக்குமிடத்தே கோட்டைக் கட்டடங்களின் பிறப்பு விளங்கும். கீழைத்தேசக் கப்பல்வழியின் நடுவிடமாகக் கொழும்பு மாறவே, காலித் துறையின் முதன்மை நீங்கிற்று. பொறியியலாளர் சேர் ஜோன் கூட்டின் திட்டப்படி 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்ற தென்மேற்கு அலைதாங்கி 1885இல் நிறைவெய்தியது. கோப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை எழுந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் பறித்த கொழுந்து, பெட்டியில் அடைபட்டு இருப்புப்பாதை வழியே இத்துறைமுகத்தை வந்தடைந்தது. அதனை ஏற்றுமதி செய்த முகவர் கம்பனிகளும், அவற்றுக்குக் கடன் வழங்கிய வங்கிகளும், அக்கப்பல்களுக்கு உத்தரவாதமளித்த காப்புறுதித் தாபனங்களும், அவற்றை நடத்திய துரைமாருக்குத் துணியும் மதுவும் விற்ற கடைகளுமே மதில் நீங்கிய கோட்டையிலே கட்டடங்களாக எழுந்தன. கொழுந்து பறித்த பெண் யோர்க் வீதியை ஒருபொழுதும் கண்டிருக்கமாட்டாள். அவ்வீதியின் செங்கல் ஒவ்வொன்றிலும் அவளுக்குப் பங்குண்டு என்பது மிகைக் கூற்றன்று.

கோட்டையின் நடுவே, ஜனாதிபதி மாளிகைக்கு அண்மையில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் இவற்றுக்கெல்லாம் மூத்தது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட்டின் மனைவியார் வரைந்த அமைப்பின்படி 1857இற் கட்டப்பட்ட இக்கோபுரத்தின் உச்சியில் 1867இல் விளக்குப் பொருத்தப்பட்டு, அது வெளிச்சவீடாகவும் ஆக்கப்பட்டது. மணிக்கூடும் வெளிச்சவீடும் ஒரே உடலில் அமைந்தமை அரிய ஒன்றெனப் பயண நூல்கள் வியக்கும். வியப்பினும் பொருள் பொதிந்தது அச்சேர்க்கையாகும். கடலிலிருந்து வரும் சரக்குக்கு வழியும், கரையிலிருந்து புறப்படும் உழைப்புக்கு நேரமும் ஒரே கோபுரத்திலிருந்து காட்டப்பட்டன. இன்றுள்ள கடிகாரம் வாங்கப்பட்டபின் நெடுங்காலம் பண்டகசாலையிற் கிடந்து, 1914இலேதான் இயங்கத் தொடங்கியது. சுற்றிலும் எழுந்த கட்டடங்கள் விளக்கினை மறைத்தமையால் 1952இல் வெளிச்சவீட்டின் பணி முடிவுற்றது. எந்த வணிகத்துக்கு வழிகாட்டிற்றோ அதே வணிகத்தின் மாடிகள் அதன் கண்ணை மறைத்தன.

ஜனாதிபதி மாளிகையாக இன்றுள்ளது, ஒல்லாந்தரின் இறுதித் தேசாதிபதியான வான் அங்கல்பீக் தமக்கெனக் கட்டிய இல்லமாகும். அதனை 1804இல் ஆங்கில அரசு விலைக்கு வாங்கியது. அதற்கெதிரே 1895இல் நிறைவெய்திய தபாற்றலைமையகத்தின் வெண்ணிற முகப்பு, நமது நூல்களில் இக்கட்டடம் பெறும் இடத்துக்குத் தகுதியானதே. தூண்களின் ஒழுங்கும் மாடங்களின் நிழலும் கண்ணுக்கு இதமளிப்பன. போர்க்காலத்துப் பாதுகாப்பு ஏற்பாடுகள் அதனைப் பொதுமக்களுக்கு மூடியபோது, தபாற்பணி வேறிடத்துக்குச் சென்றது. கடிதம் எழுதத் தெரியாத நாட்டாமை ஒருவரும் காசுக்கட்டளை அனுப்புவதற்காக உள்ளே செல்லக்கூடியதாயிருந்த ஒரேயொரு பெருங் கட்டடம் இதுவாகலாம். அதன் வாயில் அடைபட்டதை நாம் சிறு இழப்பாகக் கருதவில்லை.

ஒல்லாந்தர் மருத்துவமனை சற்று விரிவாக நோக்கற்பாலது. 1681இல் இருந்ததாக அறியப்படும் இக்கட்டடம் கோட்டையிலுள்ளவற்றுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலாட்களும் படையாட்களும் நோயுற்றபோது இங்குக் கிடத்தப்பட்டனர். ஐந்து சிறகுகளும், அவற்றிடையே முற்றங்களும், தடித்த சுவர்களும், தாழ்ந்திறங்கும் ஓட்டுக் கூரையும், நீண்ட விறாந்தைகளும் கொண்ட இவ்வமைப்பு வெப்ப நாட்டின் தேவையை உணர்ந்தது. யோர்க் வீதியின் பிற்காலக் கட்டடங்களுட் பலவற்றில் இந்த உணர்வினைக் காணோம். கம்பனி தனது ஆட்களின் உடல்நலத்தில் அக்கறை கொண்டது அறங்கருதியன்று. ஐரோப்பாவிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான செலவினைக் கருதியேயாம். எனினும் காற்றும் நிழலும் நோயாளிக்கு வேண்டும் என்ற அறிவு அக்கணக்கிலிருந்தே பிறந்தது.

பிற்காலத்தில் இக்கட்டடம் வணிக நிலையமாகவும் பொலிஸ் நிலையமாகவும் பயன்பட்டது. 1996 ஜனவரி 31இல் விடுதலைப் புலிகள் மத்திய வங்கியின்மீது நடத்திய குண்டுத் தாக்குதலின்போது அயலிலுள்ள இதுவும் சேதமுற்றது. அன்று இறந்தோர் 90 பேருக்கு மேல். காயமுற்றோர் ஆயிரத்துக்கு மேல். அவர்களுட் பெரும்பாலோர் அலுவலக ஊழியரும் வீதியிற் சென்றோருமாவர். வங்கி எனும் தாபனத்தைத் தாக்குவதாகக் கூறி, அதன் கீழ்த்தட்டு எழுதுவினைஞரைக் கொன்ற அச்செயலை விடுதலையின் பெயரால் நியாயப்படுத்த முற்படும் எவ்வாதத்துக்கும் இடமில்லை. பின்னர் கட்டடம் செப்பனிடப்பட்டு, 2011 டிசம்பரில் உணவகங்களும் கடைகளும் கொண்ட நிலையமாகத் திறக்கப்பட்டது. கூரையையும் விறாந்தைகளையும் பேணிச் செய்யப்பட்ட அச்செப்பனீடு, கட்டட வேலை என்ற அளவிற் பாராட்டத்தக்கது. ஆனால் ஒருகாலத்திற் கம்பனியாட்கள் காய்ச்சலிற் கிடந்த அவ்விறாந்தையில் ஒரு கோப்பைக் கோப்பிக்குக் கேட்கப்படும் விலையை, அதனைச் செப்பனிட்ட தொழிலாளி கூசாமற் கொடுத்திருக்க இயலுமா என்பது ஐயமே.

அங்கிருந்து யோர்க் வீதிக்கு வந்தால், சிவந்த செங்கல் முகப்புடன் கார்கில்ஸ் கட்டடம் எதிர்ப்படும். 1844இல் தோன்றிய வணிகத் தாபனத்துக்கெனக் கலைஞர் எட்வேட் ஸ்கின்னர் வரைந்த இது 1906இல் திறக்கப்பட்டது. முதலாவது ஆங்கிலத் தேசாதிபதியான பிரெடரிக் நோர்த் வாழ்ந்த இல்லம் முன்னர் இந்நிலத்திலே இருந்தது. ஆள்வோனின் மனையிருந்த இடத்திற் கடை எழுந்தமை அந்நூற்றாண்டின் போக்கினைச் சுருக்கமாகக் காட்டுகின்றது. நடைபாதைமேற் கவிந்த தூண்வரிசை, வெயிலும் மழையும் படாமற் சரக்கினைப் பார்த்துச் செல்ல வழிசெய்தது. இங்குச் சரக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. விலை அட்டையில் எழுதப்பட்டிருந்தது. பேரம் பேசுதல் இழிவெனக் கருதப்பட்டது. புறக்கோட்டையிலோ சரக்கு வீதிமேல் தொங்கும், தொட்டுப் பார்க்கலாம், விலையை வாயாற் போராடித் தீர்மானிக்கலாம். கட்டடப் பாணி பற்றிப் பேசுவோர் இந்த வேறுபாட்டையும் பாணியின் ஒரு கூறாகக் கொள்ளல் வேண்டும்.

அவ்வீதியின் துறைமுகக் கோடியில் நிற்பது கிராண்ட் ஓரியன்ரல் ஹோட்டல். 1837இற் படையினர்க்கான பாசறையாகக் கட்டப்பட்ட இது, அரசாங்கக் கட்டடக் கலைஞரான ஜே. ஜி. சிமிதரின் திட்டப்படி மாற்றப்பட்டு 1875இல் ஹோட்டலாகியது. இலக்கிய மாணவர் இவ்விடத்தே சற்று நிற்றல் தகும். சகலின் தீவிலே ரஷ்யப் பேரரசின் கைதிகள் பட்ட துயரைக் கண்டு திரும்பிய அன்ரன் செக்கோவ் 1890 நவம்பரில் இங்குத் தங்கினார். 'கூசெவ்' என்ற சிறுகதையை இங்கு எழுதத் தொடங்கினாரெனக் கூறுவர். நோயுற்ற படையாள் ஒருவன் கப்பலின் அடித்தட்டில் இறந்து, பாய்த்துணியிற் சுற்றித் தைக்கப்பட்டுக் கடலில் வீசப்படுவதே அக்கதை. செக்கோவ் தங்கிய அறையைச் சுற்றுலாப் பயணிக்குப் பெருமையுடன் காட்டுவோர் கூசெவ்வை நினைவுகூர்வது அரிது.

கோட்டையைவிட்டு நீங்குமுன் பேரை வாவியை அண்டிய லேக் ஹவுஸ் கட்டடத்தையும் குறிப்பிடாதிருக்க முடியாது. 1932இல் தோன்றிய 'தினகரன்' அங்கிருந்தே வெளிவந்தது. டி. ஆர். விஜேவர்தனவின் தனியுடைமைப் பத்திரிகைச் சாம்ராச்சியத்தின் மாளிகையாக எழுந்த அதனுள், 1950களின் இறுதியில் ஆசிரியராக அமர்ந்து ஈழத்து எழுத்தாளருக்குப் பக்கங்களைத் திறந்துவிட்டவர் க. கைலாசபதி. 1973இல் அந்நிறுவனம் அரசுடைமையாக்கப்பட்டது. தனி முதலாளியின் காலத்தில் ஒரு மார்க்சிய ஆசிரியருக்கு இருந்த இடம், அரசின் காலத்தில் விரிந்ததா சுருங்கிற்றா என்பதை விருப்பு வெறுப்பின்றி ஆராய்தல் நமது கடமையாகவே உள்ளது.

துறைமுக வீதிவழியே கிழக்கே சென்றால், புறக்கோட்டையின் தலைவாயிலில் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காணலாம். பம்பாயைச் சேர்ந்த பார்சி வணிகரான பிராம்ஜி பிக்காஜி கானின் நினைவாக அவருடைய மைந்தர் 1923இல் இதனை எழுப்பினர். கொழும்பில் எண்ணெய் ஆலை நடத்திய குடும்பம் அது. தந்தைக்கு மக்கள் செலுத்திய அன்பின் அடையாளம் என்றவகையில் இதனை மதிக்கின்றோம். ஆயின் 1923 என்ற ஆண்டு கொழும்பு வரலாற்றிற் பிறிதொன்றாலும் நினைக்கத்தக்கது. ஏ. ஈ. குணசிங்க முதலானோர் முந்திய ஆண்டில் அமைத்த இலங்கைத் தொழிற்சங்கத்தின் தலைமையில் அவ்வாண்டு நகரம் தழுவிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. புகையிரதத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், பொறியியற் தொழிற்சாலைத் தொழிலாளர் என ஏறக்குறைய 20,000 பேர் அதிற் பங்குகொண்டனர். சிங்களவரும், தமிழரும், முஸ்லிம்களும், மலையாளிகளும் ஒன்றாக நின்ற அவ்வேளையில், வணிக வீட்டார் நிறுவிய புதிய மணிக்கூடு சரியாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கும். அதன் மணிக்கு வேலைக்குச் செல்வோரே இல்லாதிருந்தனர்.

அவ்வொற்றுமை நீடிக்கவில்லை என்பதும் கூறப்படல் வேண்டும். 1920களிற் குணசிங்கவுடன் இணைந்து உழைத்தவரும், 'தேசபக்தன்' பத்திரிகையைக் கொழும்பிலிருந்து நடத்தியவருமான கோ. நடேசய்யர் பின்னர் அவருடன் முரண்பட்டார். உலகப் பொருளாதார மந்தம் வேலையின்மையைக் கூட்டியபோது, குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு, சிறப்பாக மலையாளிகளுக்கு, எதிரான இயக்கத்தின் தலைவராயினார். இந்நாட்டுத் தொழிற்சங்க இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படுபவரே அதன் இனவாதத் திருப்பத்துக்கும் வழிகாட்டியமை, தனிமனித குணக்கேட்டால் மட்டும் விளக்கக்கூடியதன்று. முதலாளியை நோக்கித் திரும்பவேண்டிய சினத்தைப் பக்கத்துக் கைவண்டிக்காரன்மீது திருப்பிவிடும் வழி இப்பேட்டைக்கு ஏற்கனவே பழக்கமானதாயிருந்தது.

1915ஆம் ஆண்டினையே நாம் கருதுகின்றோம். இரண்டாம் குறுக்குத் தெருவிலுள்ள ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் அவ்வாண்டிற் கட்டிமுடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1908இல் தொடங்கி 1909இல் நிறைவெய்திய அது சம்மாங்கோடு பள்ளிவாசல் எனவும், நிறத்தாற் சிவப்புப் பள்ளி எனவும் வழங்கப்படுவது. நகர நடுவத்தில் ஒரேயொரு கட்டடத்தைத்தான் பார்க்க நேரமுண்டு என ஒருவர் கூறின், நாம் அவரை இங்கேயே அனுப்புவோம். சிவப்பும் வெள்ளையுமான பட்டைகள், சுழன்றேறும் தூண்கள், மாதுளங்கனி வடிவிலமைந்த குவிமாடங்கள் எல்லாம் நெருங்கிய அவ்வொடுக்கமான தெருவில் திடீரென மேலெழுகின்றன. பின்வாங்கி நின்று முழுமையாகப் பார்க்க இடமில்லை. கழுத்தை வளைத்தே பார்க்க வேண்டும். அப்பொழுதும் நாட்டாமை ஒருவர் மூடை நிறைந்த கைவண்டியுடன் வந்து வழிவிடச் சொல்வார்.

இதனை வரைந்தவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. கட்டடக்கலையில் முறையான பயிற்சியோ சான்றிதழோ பெற்றவரல்லர். தென்னிந்தியாவிலிருந்து வந்து புறக்கோட்டையில் வணிகஞ் செய்த முஸ்லிம்கள், தாம் கண்ட இந்தோ சரசனிக் பாணிக் கட்டடங்களின் படங்களையும் விபரங்களையும் அவரிடம் அளித்து இவ்வேலையை ஒப்படைத்தனர். அப்பாணியோ தூய மரபன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனற் மண்டபத்தை அமைத்த சிசொம் போன்ற ஆங்கிலக் கலைஞர்கள், இந்திய முகலாயக் கூறுகளை ஐரோப்பியக் கட்டமைப்போடு கலந்து ஆட்சியின் தேவைக்கென உருவாக்கியது. ஆட்சியாளர் இரவல் வாங்கி மாற்றிய வடிவத்தை வணிகர் படத்திற் கண்டு கொண்டுவர, பட்டம் பெறாத கைவினைஞர் ஒருவர் அதனைத் தமது கற்பனையால் மீண்டும் மாற்றினார். பிரதி எடுக்கப் போனவர் மூலம் ஒன்றை ஆக்கிவிட்டார். மக்கட் படைப்பாற்றல் குறித்து இலக்கியத்தில் நாம் நீண்டகாலமாகப் பேசிவருகின்றோம். நாட்டார் பாடலுக்கு வழங்கும் மதிப்பினைச் செங்கல்லுக்கும் சுண்ணத்துக்கும் வழங்க நாம் தயங்குவதற்கு நியாயமில்லை. இப்பள்ளியை அமைத்த வணிகரின் தாய்மொழி தமிழ் என்பதும் நமது இலக்கிய வரலாறுகளில் உரிய அழுத்தம் பெறாத செய்தியாகும்.

1915 கலவரத்திற் கொழும்பில் தாக்கப்பட்டோர் முஸ்லிம் வணிகர்களே. கரையோரச் சோனகர் எனப்பட்ட இந்திய முஸ்லிம்கள் சிறப்பாகக் குறிவைக்கப்பட்டனர். சில்லறை வணிகத்தில் அவர்களோடு போட்டியிட்ட சிங்கள வணிகரின் நலன் அதன் பின்னணியில் இருந்தது. விலையேற்றத்தால் வருந்திய நகரத் தொழிலாளரும் அத்தாக்குதல்களில் ஈடுபட்டனர் என்பது கசப்பான உண்மை. 1983 ஜூலை 25இல் இதே பேட்டையில் தமிழரின் கடைகள் எரிந்தன. பார்க்கத்தக்க கட்டடங்களின் பட்டியல் எதிலும் எரிந்துபோன கட்டடம் இடம்பெறுவதில்லை. ஆயினும் பிரதான வீதியில் ஈராயிரமாம் ஆண்டையொட்டிய கண்ணாடி முகப்பொன்று இரண்டு பழைய கடைகளிடையே பொருந்தாமல் நிற்கக் காணும்போதெல்லாம், முன்னர் அவ்விடத்தில் என்ன இருந்தது என வினவும் பழக்கம் நமக்கு ஏற்பட்டுள்ளது.

பழைய நகரமண்டபம் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. சிமிதர் வரைய 1873இல் எழுந்த இது 1928வரை மாநகரசபையின் இல்லமாயிருந்தது. சொத்துடையோர்க்கே வாக்கிருந்த சபை அது. நகர எல்லைக்குள் நாளும் சுமை தூக்கியோர் அதன் வாக்காளர் அல்லர். சபை கறுவாக்காட்டின் செல்வர் மனைகளுக்கு அண்மையில் புதிய வெண்மாளிகையை அமைத்துக்கொண்டு சென்றபின், சந்தை இரைச்சலும் சகதியும் பேட்டைக்கே எஞ்சின.

அப்பாலுள்ள செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்கள் உள்ளன. ஆடிவேலின்போது இங்கிருந்தே வேல் தேரேறிப் புறப்படும். நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் கிட்டங்கிகள் இருந்த இத்தெருவினைக் கோட்டையின் வங்கிகளோடு சேர்த்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் உள்நாட்டு வணிகனுக்கு நேரே கடன் கொடுப்பது அரிது. அவை சராப்புவின் உத்தரவாதத்தின்மேற் செட்டியாருக்குக் கொடுத்தன. செட்டியார் கூடிய வட்டிக்குக் கடைக்காரனுக்கும் தோட்டம் வாங்குவோனுக்கும் கொடுத்தார். சலவைக்கல் முகப்புடைய வங்கியும் சாம்பிராணி மணக்கும் கிட்டங்கியும் ஒரே நிதிமூலதனத்தின் இரு படிகள். 1920களின் நெருக்கடியிலும் அதன்பின் வந்த மந்தத்திலும் வங்கிகள் கையை இழுத்துக்கொண்டபோது, கடன்பட்டோரின் வெறுப்பு முழுவதும் கண்முன்னிருந்த செட்டியார்மீதே பாய்ந்தது. வங்கித்துறை பற்றிய ஆணைக்குழு 1934இல் அமைக்கப்பட்டதும், இலங்கை வங்கி 1939இல் தோன்றியதும் இப்பின்னணியிலேயாம்.

வடக்கே கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் உள்ளது. பொன்னம்பல முதலியாரால் 1857இல் நிறுவப்பட்டு, மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதனால் 1907 தொடக்கம் 1912வரை முழுவதும் கருங்கல்லாற் புதுக்கப்பட்டது. செங்கல்லும் சுண்ணச்சாந்துமான நகரத்தில் இக்கருங்கல் மண்டபத்துள் நுழையும்போது ஏற்படும் குளிர்ச்சியும் இருண்மையும் மறக்கற்பாலனவல்ல. தென்னகச் சிற்பிகளின் கைத்திறன் தூண்தோறும் தெரிகின்றது. கார்கில்ஸ் கட்டடமும் இதுவும் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது. ஏகாதிபத்திய வணிகத்தின் நிழலில் வளர்ந்த உள்நாட்டு உயர்குழாம், தனது தனித்துவத்தை நிலைநாட்டச் சோழர் காலத்துக் கல்லினை நாடியது. இது வெறும் பாசாங்கன்று; குடியேற்ற ஆட்சியின் பண்பாட்டு மேலாண்மைக்கு எதிரான ஓர் உண்மையான மறுப்பு அதிலிருந்தது. அதேவேளை, இக்கோயிலை எழுப்பிய இராமநாதன் சர்வசன வாக்குரிமையை மிகக் கடுமையாக எதிர்த்தோருள் ஒருவர். அவருடைய இளவல் அருணாசலமோ 1919இல் தொழிலாளர் நலன்காக்கும் சங்கமொன்றை நிறுவியவர். ஒரே குடும்பத்துள் இவ்விரண்டும் இருந்தன. பிற்போக்கு, முற்போக்கு என்ற இரு பெட்டிகளுள் வரலாற்றை அடைத்துவிட விரும்புவோர் கொச்சிக்கடைக்கு ஒருமுறை சென்றுவரலாம்.

இராமநாதன் எதிர்த்த அவ்வுரிமை நடைமுறைக்கு வந்த மண்டபத்தைக் காணக் கோட்டையின் மறுகோடிக்குத் திரும்பவேண்டும். காலிமுகத்திடலின் வடக்கே கடலை நோக்கி, அயோனியப் பாணித் தூண்வரிசையுடன் நிற்கும் பழைய பாராளுமன்றம் 1930 ஜனவரியிலே சட்டநிரூபண சபைக்கெனத் திறக்கப்பட்டது. வரைந்தவர் பொதுவேலைப் பகுதியின் தலைமைக் கலைஞர் ஒஸ்ரின் வூட்சன். கட்டடம் என்ற அளவில் அது நம்மை ஈர்த்ததில்லை. பேரரசின் எந்த மூலையிலும் இருந்திருக்கக்கூடிய கட்டடமே. ஆனால் 1931இற் சர்வசன வாக்குரிமையின் அடிப்படையில் தெரிவான அரசாங்க சபை இங்கே கூடிற்று. ஆணும் பெண்ணும், சொத்துள்ளாரும் இல்லாரும், எச்சாதியினரும் வாக்களிக்கும் உரிமை ஆசியாவின் பெரும்பகுதியில் அன்று இருந்ததில்லை. நடேசய்யர் 1936இல் இச்சபைக்குத் தெரிவாகி, தோட்டத் தொழிலாளருக்காகப் பேசியதும் இங்கேதான். அதே மண்டபத்தில், சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே, அத்தொழிலாளருட் பெரும்பாலோரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் நிறைவேறிற்று. கைதூக்கியோருள் தமிழ்ப் பிரதிநிதிகளும் இருந்தனர் என்பதை மறைக்கும் வரலாறு நமக்கு வேண்டாம். எதிர்த்தோருள் இடதுசாரிகள் முன்னின்றனர். அவர்களுட் பெரும்பகுதியினர் பிற்காலத்தில் எங்கே போய்ச் சேர்ந்தனர் என்பதையும் மறைக்க வேண்டாம்.

1953 ஆகஸ்ட் 12இல், அரிசி விலையுயர்வை எதிர்த்த ஹர்த்தாலின்போது, அமைச்சரவை தனது மண்டபங்களை நம்பாமல் துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்லாந்து' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. மூன்றாண்டுகள் கழித்து, 1956 ஜூன் 5இல், தனிச் சிங்கள மசோதா உள்ளே விவாதிக்கப்படுகையில் வெளியே காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் குண்டர்களால் தாக்கப்பட்டனர். பாராளுமன்றம் 1982இல் கோட்டேக்குச் சென்றது. மறுவருடம் இக்கட்டடம் ஜனாதிபதி செயலகமாயிற்று. 2022 ஏப்ரலில் தொடங்கிய போராட்டம் இதன் வாயிலையே தனது களமாகக் கொண்டது. அக்களத்திலே, மே 18ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில் மாண்டோர்க்காகக் கஞ்சி வழங்கப்பட்டபோது சிங்கள இளைஞரும் வரிசையில் நின்று அதனைப் பெற்றனர். ஜூலை 9இல் மக்கள் படியேறி உள்ளே சென்றனர். ஜூலை 22 அதிகாலையிற் படையினர் களத்தை அகற்றினர்.

இக்கட்டுரையிற் கூறப்பட்ட கட்டடங்கள் அனைத்தையும் வரைந்தோர் அல்லது கட்டுவித்தோர் எவரென ஓரளவு அறியமுடிகின்றது. கல்லடுக்கிய கொத்தரின் பெயர் ஒன்றையேனும் நாம் தரவில்லை. பொதுவேலைப் பகுதியின் கூலிப் பதிவேடுகள் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தேடப்படுதல் வேண்டும். அதனினும் அவசரமான வேலையொன்று உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து, புறக்கோட்டைக் கடைகளின் மேல்மாடிகளிற் பாய்விரித்துப் படுத்து, அங்கேயே வாழ்நாளைக் கழித்த கடைச் சிப்பந்திகளுட் சிலர் முதுமையில் இன்னும் உள்ளனர். எந்தக் கட்டடம் எப்போது எழுந்தது, எது எந்த இரவில் எரிந்தது, எந்தத் தூணின் அடியில் எந்த ஊரார் சம்பள நாளிற் கூடினர் என்பன அவர்களுக்குத் தெரியும். நமது சங்கத்து மாணவர் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில், கடைகள் பூட்டியிருக்கும் வேளையில், பதிவுக் கருவியுடன் பிரதான வீதிக்கும் குறுக்குத் தெருக்களுக்கும் செல்ல முன்வந்துள்ளனர்.